மேற்கு பார்த்த கோப்பை

உம்மா மவுத்தான பிறகு அம்மார் அழவில்லை. துக்கம் கேட்க வந்த பெண்கள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "பையன் உள்ளுக்குள்ள போட்டு அமுக்கி வச்சிருக்கான்" என்று பேசிக்கொண்டார்கள். உள்ளே அப்படி எதுவும் இருப்பதாக அவனுக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தான். சாப்பிட்டால் ருசி தெரிந்தது, படுத்தால் தூக்கம் வந்தது. அதுதான் சங்கடமாக இருந்தது.

மேலப்பாளையத்து வீட்டில் இப்போது அவனும் வாப்பா சிராஜுதீனும் மட்டும்தான். வாப்பா ஆட்டோ ஓட்டியவர். பக்கவாதத்தில் இடது கால் இழுத்துக்கொண்ட பிறகு, கக்கூஸில் குந்தி உட்கார உம்மா தாங்கிப் பிடிப்பாள். அவள் போன பிறகு அம்மார் பிடித்தான். மகன் கையைப் பிடித்து உட்காரும்போது வாப்பா கண்ணை மூடிக்கொள்வார். முடிந்ததும் கூப்பிட மாட்டார். செருமுவார்.

பாளையங்கோட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா, அஸீலா லாத்தா, ஒருநாள் வந்து முடிவாகச் சொன்னாள்.

"எங்க வீட்டுல வெஸ்டர்ன் இருக்கு. வாப்பா இனிமே எங்கூட இருக்கட்டும். நீ ஒத்தையில உக்காந்து பரீட்சைக்குப் படி."

"இங்கனயும் வெஸ்டர்ன் வச்சிருதேன்."

"யாரு, நீயா? பல்பு மாத்தத் தெரியுமாலே உனக்கு?"

"வச்சிருதேன், லாத்தா."

"சரி, வாப்பாவை இப்பக் கூட்டிட்டுப் போறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை கொண்டாந்து காட்டுவேன். அவுக தானா உக்காந்து தானா எந்திரிக்கணும். இல்லன்னா திரும்பவும் எங்கூடத்தான். அதுக்குப் பொறகு பேச்சே கெடையாது."

ஆட்டோ தெருமுனையில் திரும்பியதும் வீடு அமைதியானது. வாப்பா ஒரேயடியாகப் போய்விட்டால் இந்த வீட்டில் செருமக்கூட ஆள் இருக்காது என்று அம்மார் நினைத்தான். நினைத்தபோதும் பயம் வரவில்லை. சுத்தியலை எடுத்தான்.

கொத்தனார் சங்கிலிபூதத்தானுக்கு முதலில் போன் செய்துதான் பார்த்தான். "நாளைக்கு விடிய வந்து நிக்கேன் தம்பி" என்று அவர் தினமும் சொன்னார். ஆகவே போனில் வீடியோ பார்த்துத் தானே தொடங்கினான். பழைய கோப்பையை உடைத்து எடுத்தான். டைல்ஸை ஊறவைத்தான். முதலில் ஒட்டிய வரிசையில் தண்ணீர் மூலையில் தேங்கி நின்றது. பெயர்த்துவிட்டு, ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்து மறுபடி ஒட்டினான். அவன் பி.எஸ்ஸி. இயற்பியல். முதல் பட்டதாரி என்று தாலுகா ஆபீசில் சான்றிதழ் வாங்கியவன். படித்தது முதன்முதலாக ஒரு வேலைக்கு ஆகிறது என்று தோன்றியது. அதில் மகிழ வேண்டுமா என்று கேட்டுக்கொண்டான். பதில் வருவதற்குள் கலவை இறுகத் தொடங்கியது.

தெற்குச் சுவரை ஒட்டியிருந்த சிமெண்ட் தொட்டியில் மட்டும் அவன் கை வைக்கவில்லை. ஆற்றுத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் வரும். பிடித்து வைக்க உம்மா சண்டை போட்டுக் கட்டச் சொன்ன தொட்டி அது. விளிம்பில் அவள் சோப்பு வைத்துத் தேய்ந்த பள்ளம் இருந்தது. தொட்டியைச் சுற்றிலும் டைல்ஸை வெட்டி ஒட்டினான். தொட்டி இருந்ததால் புதுக் கோப்பையை வாசலுக்குக் குறுக்காக வைக்க முடியவில்லை. வாசலைப் பார்த்து வைத்தான். வீடியோவில் வந்த ஆளும் அதைத்தான் சொன்னார்: வயதானவர்கள் நேரே நடந்து வந்து உட்காரலாம். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தான். தானே பலமுறை உட்கார்ந்து எழுந்தும் பார்த்தான். ஆடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அஸீலா வாப்பாவோடும் அவருடைய துணிப்பையோடும் வந்தாள். பையைக் கீழே வைக்காமலே சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

"பரவால்லையே! ஒங்க மச்சான்ட்ட சொல்லி எங்க மாடி வேலையையும் ஒனக்கே தந்திருதேன். கூலிக்குப் பதிலா பிரியாணி."

வாப்பா கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு தானாகவே போனார். மூடிய கோப்பையின் மேல், கட்டியிருந்த சாரத்தோடு உட்கார்ந்தார். முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. எதிரே திறந்த கதவு, அதைத் தாண்டி வீட்டின் மேற்குச் சுவர், சுவரில் ஆணியில் மடித்துத் தொங்கும் தொழுகைப் பாய். வாப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு மெல்லத் தோளை ஒரு பக்கமாகத் திருப்பினார். கால் ஒரு பக்கமும் முகம் ஒரு பக்கமுமாகக் கோணி உட்கார்ந்திருந்தார்.

அஸீலாவின் சிரிப்பு நின்றது. "ஏலே, மேக்கால்ல பாத்திருக்கு!"

தொழும்போது முகம் திருப்பும் கிப்லா இருக்கும் திசை. அதற்கு முகம் காட்டியும் உட்காரக் கூடாது, முதுகு காட்டியும் உட்காரக் கூடாது. ஓதப் போகும் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

"அம்புட்டுப் படிச்சியே, மேக்கு எதுன்னு காலேஜ்ல சொல்லித் தரலையா?" என்றாள். "கெளம்புங்க வாப்பா. இதுல எப்படி உக்காருவீக?"

வாப்பா எழவில்லை. ஆட்டோவில் பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்கும் குரலில் கேட்டார்.

"நீ தொழுது எம்புட்டு நாளாச்சுலே?"

அவன் பள்ளிவாசலுக்குத் தொழப் போய்க்கொண்டிருக்கிறான் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அம்மார் ஆணியைப் பார்த்தான். பாய்க்கு மேலேயே தன் அளவு டேப்பை மாட்டி வைத்திருந்தான். அடக்கத்தன்று கபுர்க் குழிக்குள் இறங்கியவன் அவன். உம்மாவை வலப்பக்கமாகச் சாய்த்து, முதுகுக்கு மண்ணாங்கட்டி முட்டுக்கொடுத்து, முகத்தை மேற்கே திருப்பி வைத்தது அவன் கைதான். அன்றைக்கு யாரும் அவனுக்குத் திசை சொல்லவில்லை.

"அடக்கத்துக்குப் பொறகு இல்ல வாப்பா."

அஸீலா பையைக் கீழே வைத்தாள்.

"இதைத் திருப்ப முடியுமா?" என்றார் வாப்பா.

"கழிவு வாய் தரைக்குள்ளதான் இறங்குது. அப்படியே சுத்தித் தெற்க பாத்து வச்சிரலாம். ஆனா முழங்கால் தொட்டியில இடிக்கும்."

"தொட்டியை இடி."

"வாப்பா, அது உம்மா..." என்றாள் அஸீலா.

"அவ இருந்தா நமக்கு முன்னால அவளே சுத்தியலை எடுத்திருப்பா."

அம்மார் இடித்தான். ஒவ்வொரு அடிக்கும் ஏதாவது வரும் என்று காத்திருந்தான். பூச்சு வந்தது, செங்கல் வந்தது. அடியில் ஆற்று வண்டல் சாம்பல் நிறத்தில் படிந்திருந்தது. அதையும் வழித்துச் சாக்கில் போட்டான். அடுப்படியில் அஸீலா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. அவளுக்கு வருகிறதே என்று நினைத்தான்.

"பைய லே, கையைப் பாத்து" என்று வெளியிலிருந்து வாப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் வேலை நீண்டது. கடைசியில் கோப்பை தெற்கே பார்த்து உட்கார்ந்தது. அடியில் வெள்ளை சிமெண்ட் ஈரமாக இருந்தது.

"இது காயுற வரைக்கும் என்ன செய்வீக? அதான் சொல்லுதேன், வாங்க போவோம்" என்றாள் அஸீலா.

"பள்ளியில வெஸ்டர்ன் இருக்குல்லா? அங்கன போயிக்கிடுதேன். இவன் கூட்டிட்டுப் போவான்."

"ஒவ்வொரு தடவையும் இவன் வருவானா?"

"அஞ்சு நேரம் எப்படியும் தொழப் போகணும்லா. கூட ஒண்ணு ரெண்டு ஆனா ஆகிட்டுப் போகுது."

அஸீலா வாப்பாவைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். பையைக் கொண்டுபோய் வாப்பாவின் கட்டிலில் வைத்துவிட்டு, "நல்ல ஆளுதான் நீங்க" என்று ஆட்டோவைக் கூப்பிடப் போனாள்.

பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் அம்மார் வாப்பாவைத் தோளில் தாங்கி அடுத்த தெருப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போனான். கழிப்பறை வாசலில் நின்றான். செருமல் கேட்டதும் கதவைத் திறந்து, தொழுகைக்கு முன் ஒளு செய்யும் திண்டில் கொண்டுபோய் உட்காரவைத்தான். வாப்பா முகம் கை கால் கழுவினார். பக்கத்துக் குழாயில் அவனும் கையை நீட்டினான். விரல்களிலும் நகத்தைச் சுற்றியும் வெள்ளை சிமெண்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. தோலில் தண்ணீர் படாமல் ஒளு கூடாது. சுரண்டினான். கொஞ்சம் உதிர்ந்தது, கொஞ்சம் அப்படியே இருந்தது.

உள்ளே தொழுகைக்கு வரிசை சேர்ந்துகொண்டிருந்தது. வாப்பா போகாமல் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க போங்க வாப்பா. உள்ள நாற்காலி கெடக்கு. இது போக மாட்டேங்குது."

"போகும். தேய்."

அவன் தேய்த்தான். சிமெண்ட் அரித்திருந்த விரலிடுக்கில் தண்ணீர் பட்டதும் எரிந்தது. காலையிலிருந்தே எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தான்.