சைக்கிள் அலாரமும் வீட்டுக்காரரின் பட்டியலும்

“உங்கள் சைக்கிள் அலாரம் காரணமில்லாமல் அலறுகிறது. மார்ச் 3 செவ்வாய், காலை 10.40. மார்ச் 5 வியாழன், 11.15. மார்ச் 9 திங்கள், 10.30. மார்ச் 11 புதன், 10.50. ஞாயிற்றுக்கிழமைக்குள் அலாரத்தைக் கழற்றவும். இல்லாவிட்டால் சைக்கிளை கேட்டுக்கு வெளியே நிறுத்தவும்.”

மார்ச் 12ஆம் தேதியிட்ட இந்தக் கடிதம் சைக்கிள் சீட்டில் டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது. எழுதியவர் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் எங்கள் வீட்டுக்காரர். படிகளுக்கு மேலே, முதல் மாடியில் நானும், பக்கத்து வீட்டில் நர்ஸ் அக்காவும் வாடகைக்கு இருக்கிறோம். என் பழைய சைக்கிள் நவம்பரில் அந்த கேட்டுக்கு வெளியேதான் திருடு போனது. அது அவருக்கும் தெரியும். லிங்கராஜபுரத்திலிருந்து காக்ஸ் டவுனில் நான் வேலை செய்யும் பள்ளிக்கு சைக்கிளில்தான் போகிறேன். கடிதம் வந்த அன்று மழை மிரட்டியதால் பஸ்ஸில் போயிருந்தேன். பரீட்சை நேரம் என்பதால் மார்ச்சில் பாதி நாட்கள் சக ஆசிரியை ஒருவரின் ஸ்கூட்டரில்தான் போனேன். சைக்கிள் வீட்டில் நின்றது, அலறியது.

நான் சும்மா இருக்கவில்லை. அலாரம் சோப்புக் கட்டி அளவுள்ள கறுப்பு டப்பா. சீட்டுக்கு அடியில் திருகியிருக்கும். யாராவது வண்டியை அசைத்தால் கத்தும். 3ஆம் தேதி மாலை புது பேட்டரி போட்டேன். 5ஆம் தேதி உள்ளே ஸ்பிரிங்கில் இருந்த துருவை நகம் தேய்க்கும் அரத்தால் சுரண்டினேன். 7, 8 தேதிகளில் வீட்டுக்குள் அலமாரிமேல் வைத்தேன். ஒரு முனகல்கூட இல்லை. 9ஆம் தேதி சைக்கிளில் மாட்டினேன், அன்றே அலறியது. விற்ற கடைக்குப் போன் செய்தேன்.

“ஆடினா அடிக்கும் மேடம். அதுக்குத்தானே வாங்கினீங்க?”

“யாரும் தொடாமலே அடிக்குது.”

“அப்போ பேய் தொடுது போல” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான். அவன்மேல் வந்த கோபத்தில், அவன் சொன்னதில் பாதி உண்மை என்பது எனக்கு உறைக்கவில்லை.

கடிதத்தை நர்ஸ் அக்காவிடம் காட்டினேன். அவர் தங்கவயல்காரர், இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குகிறவர்.

“அடிக்குது டீச்சர், பொய்யில்ல. ஆனா அதுக்கு மின்னாடி என் பெட்ரூம் சுவத்துல உர்ர்னு ஒண்ணு கேக்குது. அப்பறம்தான் உன் பொட்டி கூவுது.”

அந்தச் சுவரையொட்டித்தான் கீழே சம்பிலிருந்து, அதாவது நிலத்தடித் தொட்டியிலிருந்து, மொட்டை மாடித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏறும் இரும்புக் குழாய் போகிறது. அதே குழாயைச் சுற்றித்தான் நான் சைக்கிள் சங்கிலியைப் பூட்டுகிறேன். படிக்கட்டுக்கு அடியில் பூட்டுவதற்கு வேறு எதுவும் இல்லை. மோட்டார் போட்டால் குழாய் நடுங்கும், சங்கிலி நடுங்கும், அலாரம் கத்தும். மற்ற நாட்களில் மோட்டார் ஓடும் முற்பகலில் சைக்கிள் பெரும்பாலும் என்னோடு பள்ளியில் நின்றிருக்கும். டப்பாவில் கோளாறே இல்லை.

என் தினசரி நோட்டை எடுத்தேன். மார்ச் 3: குழாயில் காற்று மட்டும். 5: காற்று. 9: ஒரு பக்கெட்டில் குளியல், சமையல் எல்லாம். 11: அக்கா ஆஸ்பத்திரி வாடையோடு கால்கூடக் கழுவாமல் படுத்தார். குழாய் வழியாக வரும் நகரக் குடிநீரைத்தான் இங்கே காவேரி என்பார்கள். நான்கு நாளும் வீட்டுக்காரர் சொன்னது ஒரே பதில்: “காவேரி வரல, சம்ப் காலி.”

சம்ப் காலி என்றால் மோட்டார் எதற்கு? இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், நான்கு தேதியும் பொருந்தின. நான் பள்ளியில் இருக்கும்போது மோட்டார் ஓடிய நேரத்தை நான் எப்படிக் குறித்திருக்க முடியும்? அவரே நிமிடக் கணக்கோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருந்தார்.

14ஆம் தேதி, இரண்டாம் சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. காலையில் கீழே போனேன்.

“சார், மோட்டாரை ஒரு தடவை போடுங்க.”

“ஏம்மா டீச்சர், அலாரத்தைக் கழட்டச் சொன்னா மோட்டாரைக் கேக்கறீங்க?”

“போடுங்க, சொல்றேன்.”

அவர் மனைவி உள்ளே ஸ்விட்சைப் போட்டார். குழாய் உதறியது. படிக்கட்டுக்கு அடியில் அலாரம் வீல் என்றது.

மேலேயிருந்து அக்கா எட்டிப் பார்த்தார். “இன்னா சார், திருடன் உங்க மோட்டார்லயே உக்காந்துகினு கீறானா?”

வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. “அட, இவ்ளோதானா! சுவத்துல ஒரு வளையம் அடிச்சுத் தர்றேன். பைப்பை விட்டுடுங்க.”

நான் நான்கு தேதிகளையும் படித்தேன். மலர்ச்சி போய்விட்டது.

“அது… பைப்புல அடைச்ச ஏரை எடுக்கப் போட்டிருப்பாங்க.”

“நாலு நாளும் ஏரா சார்? எங்க குழாயிலயும் அதேதான் வந்துது.”

“கலாட்டா பேடா டீச்சர், வேணாம். ஒரே மனையில இருக்கோம்.”

ஒரே மனையில்தான் இருக்கிறோம். அதனால்தான் ஆத்திரம் வந்தது. தண்ணீர் இல்லாத ஊரில் தண்ணீர் இல்லை என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அந்த நம்பிக்கையை எடுத்து அவர் தன் வீட்டுக்குப் பயன்படுத்திக்கொண்டார். அதற்குமேல் என் சைக்கிளைக் குற்றவாளியாக்கித் தெருவுக்கு அனுப்பப் பார்த்தார்.

திங்கள் மாலைக்குள் சுவரில் வளையம் வந்துவிட்டது. ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்ற இரண்டு மாதம் எடுத்த மனிதர் அவர். வளையம் உறுதியாகத்தான் இருந்தது, இழுத்துப் பார்த்தேன். அதில் பூட்டினால் வண்டி பத்திரம், அலாரம் ஊமை. நான் சங்கிலியை மறுபடியும் குழாயிலேயே சுற்றினேன். அலாரத்தின் உணர்திறனை முழு அளவுக்கு ஏற்றி வைத்தேன். கேட்டுக்கு வெளியே வை என்று அவர் பிறகு சொல்லவில்லை.

“பகல்ல உங்க தூக்கம் போகுமே அக்கா” என்றேன்.

“கூவட்டும் டீச்சர். கூவினா எழுந்து பக்கெட் வெச்சுக்கறேன்.”

அதற்குப் பிறகு அலாரம் அடித்த நாட்களில் எங்கள் குழாயிலும் தண்ணீர் வந்திருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மொட்டை மாடியில் இரண்டு தொட்டிகள் இருக்கின்றன, ஒன்று அவர்களுக்கு, ஒன்று எங்களுக்கு. அந்த நான்கு நாள் தண்ணீரும் அவர்கள் தொட்டிக்கு மட்டுமே போனது என்பது என் முடிவு. மாடிக் கதவின் சாவி அவரிடம் இருக்கிறது. எங்கள் தொட்டிக்குப் போகும் கிளைக்குழாயில் மூடித் திறக்கும் வால்வு இருக்கிறதா என்பதை நான் இன்றுவரை கண்ணால் பார்க்கவில்லை. நோட்டில் அந்த முடிவை எழுதிய வரிக்கு எதிரே ‘சரிபார்க்கப்படவில்லை’ என்றுதான் எழுதியிருக்கிறேன்.