கோணல் கண்ணாடி

கண்ணாடிக்கடை அக்காவுக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் மூக்கிலாவது கண்ணாடி கோணலாக இருந்தால் அவள் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் தூங்கி வழிந்த முன்பின் தெரியாத பெரியவருக்கே நிமிர்த்திவிட்டு, "இப்ப நேரா இருக்கா?" என்று கேட்டவள். இருபத்திரண்டு வருடமாக ஃபிரேம் வளைத்து, காதுக்கு அளவு பார்த்து மாட்டிவிடுகிற வேலை. கை அப்படிப் பழகிவிட்டது.

அவளைக் கடத்தியதே ஆள் தெரியாமல்தான். கடையைப் பூட்டிக்கொண்டு வந்தவளை முதலாளியின் மனைவி என்று நினைத்து வேனில் அள்ளிப் போட்டுப் போனார்கள். உண்மை தெரிந்தபின் அவர்களுக்கு விடவும் பயம், வைத்திருக்கவும் பயம். போலீஸ் வந்து கதவை உடைக்கும்வரை ஒன்பது நாள் ஒரு பாழடைந்த கிடங்கில் கிடந்தாள்.

காவலுக்கு இருந்தவன் முகத்தைத் துணியால் மூடியிருப்பான். அதற்கு மேலே ஒரு கண்ணாடி. மூன்றாம் நாள் காதில் மாட்டும் அதன் இடது காம்பு கழன்று விழ, அக்கா கட்டிய கையோடே தன் சேலை ஊக்கை வளைத்து மாட்டிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவன் அவள் கைக்கட்டைத் தளர்த்தினான். அவிழ்க்கவில்லை, தளர்த்தினான், அவ்வளவுதான். அதையே அவள் பெரிய உபகாரமாக எடுத்துக்கொண்டாள். காலையில், தூங்கினீர்களா அக்கா என்று வேறு கேட்பான். வீட்டில் யாரும் அதைக் கேட்டு வருடக்கணக்காகிறது.

வீடு திரும்பியும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வருவாள், வாசலிலிருந்து ஜன்னலுக்குப் போவாள், பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கும். அறைக்கதவை வெளியே தாழ் போட்டால்தான் தூக்கம் வருகிறது என்றாள். போலீஸ் வந்த அன்று தப்பி ஓடிய காவல்காரனைப் பிடித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடித்திருப்பார்களோ என்று அதே கவலை. அவள் அடையாளம் காட்டாவிட்டால் அவன் வெளியே வந்துவிடுவான், வேறு சாட்சி கிடையாது. காட்டுவதில்லை என்று முடிவு செய்தாள்.

ஒன்பது நாள் பைத்தியம் பிடித்தவர்போல் தெருத்தெருவாகத் தேடியலைந்த கணவர் பொறுமை இழந்தார்.

"உன்னைக் கட்டிப் போட்டவன்டி அவன்."

"தளர்த்திதான் கட்டினான்."

பாவம், மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

அடையாளம் காட்டும் நாளில் ஆறு பேரை வரிசையாக நிறுத்தி, ஆறு பேருக்கும் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். அவனாக இருந்தால் தொட்டுக் காட்டினால் போதும், பேச வேண்டாம் என்றார் அதிகாரி. அக்கா முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு நடந்தாள். முதல் மூன்று பேரைக் கடந்தாயிற்று. நான்காவது ஆள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணாடியில் ஊக்கு இன்னும் அப்படியே இருந்தது. இடது பக்கம் மட்டும் தழைந்து, படுகோணல்.

பேசாமல் போய்விடு என்று மனசு கெஞ்சியது. அதற்குள் இரண்டு கையும் எழுந்துவிட்டன. காம்பை மெல்லத் தூக்கிக் காதில் அமர்த்தினாள்.

"இப்ப நேரா இருக்கா?"

"இருக்குக்கா."

அதிகாரி எழுத ஆரம்பித்தார். கோணலாக இருந்தது, அதற்குத்தான் தொட்டேன், வேறொன்றுமில்லை என்று அக்கா அழுதுகொண்டே சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவனாவது வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். கேட்டது அக்கா ஆயிற்றே, பதில் சொல்லிவிட்டான்.