பிண்ணாக்கின் ஈரம்

ஸ்கீவ நகரின் ஓரத்திலுள்ள எங்கள் பட்டறையில் சிறிய பிழிபொறிகளைச் செய்கிறோம். மேற்கு ஆபிரிக்கச் சிற்றூர்களில் எண்ணெய்ப்பனைப் பழத்தை அவித்துப் பிழிவோருக்கானவை அவை. டென்மார்க்கில் அந்தப் பனை வளராது. ஆகவே சோதனை நாள்களில் ஓகூஸ் நகரிலுள்ள ஆபிரிக்கக் கடையொன்றிலிருந்து உறைந்த பழங்களை வாங்கிவந்து பீப்பாயில் அவிப்போம். அன்று எல்லோருடைய கைகளும் செம்மஞ்சளாகிவிடும்.

அத்தகைய ஒரு நாளில் அண்ணையின் வேலை தீர்மானிக்கப்படவிருந்தது. அவர் எனக்கு உறவினர் அல்லர். வயதில் மூத்த ஊர்க்காரர். தாம் வேலைசெய்த இறைச்சித் தொழிற்சாலை மூடப்பட்டபின், நகரசபை வழியாகப் 'பிராக்டிக்' என்னும் பயிற்சி வேலைக்கு எங்களிடம் வந்தவர். புதிய பொறியைப் பொருத்தியவர் அவரே. கானாவிலிருந்து அதைப் பார்க்க வந்த பெண்மணிக்குப் பிடித்தால் அண்ணையை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகவும், இல்லையெனில் பயிற்சியோடு நிறுத்துவதாகவும் முதலாளி முன்னரே கூறியிருந்தார். அப்பெண்மணி தம் ஊரில் பெண்கள் கூடி நடத்தும் ஆலையொன்றின் தலைவி. அண்ணைக்கு ஆங்கிலம் வராது. மொழிபெயர்ப்பு என் பொறுப்பு.

பொறியின் வாயில் ஓர் இரும்புக் கூம்பு உண்டு. கைச்சக்கரத்தைத் திருகினால் கூம்பு உள்நோக்கி நெருங்கும், சக்கை வெளியேறும் இடைவெளி குறுகும், பிழிவு கடுமையாகும். அண்ணை இளமையில் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் ஆலையொன்றில் எள்ளுப் பிழிந்தவர். அங்கே பிண்ணாக்கு கையில் ஈரம் காட்டாமல் நொறுங்கினால்தான் வேலை சரி. அந்த அளவுகோலோடு அவர் சக்கரத்தை இறுக்கினார். எண்ணெய் சிவப்பாகக் கொட்டியது. சக்கை காய்ந்த நாராக விழுந்தது.

"பாருங்கோ, சொட்டும் மிச்சம் விடேல்லை," என்றார்.

பெண்மணி ஒரு பிடி சக்கையை எடுத்து மேசையில் பரப்பினார். கொட்டைகள் உடைந்து சிதறிக் கிடந்தன. அவர் சொன்னதைக் கேட்டு அண்ணையிடம் திரும்பினேன்.

"கொட்டையெல்லாம் உடைஞ்சு போச்சாம். உள்ளுக்கிருக்கிற பருப்பை அவை தனியா விக்கிறவையாம். இப்பிடி உடைஞ்சால் நாரோடை போயிடுமாம்."

"அப்ப எண்ணெய் வேண்டாமோ?"

"எண்ணெயும் வேணுமாம், பருப்பும் வேணுமாம்."

"ஈரச் சக்கையை எங்கட ஊரிலை மாட்டுக்கும் வைக்கமாட்டினம் எண்டு சொல்லும் அவவுக்கு."

சொன்னேன். பெண்மணி சிரித்துவிட்டார்.

"தன்னட்டை மாடில்லையாம் அண்ணை, அடுப்புத்தானாம். எண்ணெய் ஊறின நார் நல்லா எரியுமாம்."

முதலாளி எதுவும் புரியாமல் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

பெண்மணி தம் கையாலேயே சக்கரத்தைத் தளர்த்தினார். இரண்டாம் முறை சக்கை ஈரமாக வந்தது. கொட்டைகள் முழுமையாக உருண்டன. அண்ணை அந்த ஈரத்தை அருவருப்போடு பார்த்தார்.

"இவ இப்ப தளர்த்திப்போட்டுப் போயிடுவா. பிறகு நிக்கிற ஆள் இறுக்கும். கை சும்மா நிக்காது," என்றார்.

அதையும் மொழிபெயர்த்தேன். பதில் உடனே வந்தது.

"ஓமாம். சக்கரத்துக்குக் கிட்ட வாற ஆம்பிளையள் எல்லாரும் இறுக்கித்தான் பாக்கிறவையாம்."

அண்ணை கடைசல் பொறிக்குச் சென்று, ஓர் இரும்பு வளையத்தைக் கடைந்து வந்து, பெண்மணி நிறுத்திய அதே இடத்தில் சக்கரத்தின் தண்டில் பூட்டினார். பெண்மணி இரு கைகளாலும் முழுப் பலத்தோடு திருகிப் பார்த்தார். சக்கரம் அதற்கு மேல் நகரவில்லை. வளையம் உள்ள பொறியென்றால் வாங்குவதாக முதலாளியிடம் கூறினார்.

முதலாளி அண்ணையின் தோளைத் தொட்டு, திங்கட்கிழமை வேலை ஒப்பந்தம் எழுதலாம் என்று டேனிஷில் சொன்னார். அண்ணை தலையசைத்தார். பின்பு கீழே கிடந்த ஈரச் சக்கையில் ஒரு பிடி அள்ளி இறுகப் பிழிந்தார். விரலிடுக்குகளில் எண்ணெய் வழிந்தது.

"இவ்வளவும் அடுப்புக்கோ?" என்றார்.