பலாமரத்து ஓவெல்ட்டி

எனக்குத் தெரிந்த முதல் இங்கிலீஷ் சொல் ஓவெல்ட்டி. பிற்காலத்தில் படித்தவர்கள் பலரிடம் அதைக் கேட்டுப் பார்த்தேன், வாத்தியார்களே முழித்தார்கள். வெள்ளைக்காரர் ஆட்சியில், கொல்லிமலைக் குண்டூர் நாட்டில், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு திரிந்த எனக்கு அதன் பொருள் தெரிந்திருந்தது. அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு.

அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்த வருஷம் அது. சண்டை ஒன்றுமில்லை. சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி ஓர் அடுப்பு இரண்டு அடுப்பானது, அவ்வளவுதான். மேட்டுக்காடு, பள்ளக்காடு என்று நிலம் இரண்டு. அளவு ஒன்றுதான், ஆனால் கோடையிலும் வற்றாத ஊற்று பள்ளக்காட்டில் இருந்தது. எங்கள் வழக்கப்படி இரண்டு காட்டு மண்ணிலும் ஒவ்வொரு பிடி எடுத்து, இலையில் மடித்துச் சாமி முன்னால் வைத்தார்கள். குழந்தை எடுத்துக் கொடுக்கும் பொட்டலம் மூத்தவருக்கு. சாமி கொடுத்த பங்கை மாற்றக் கூடாது. மற்றவர் பங்கிலிருந்து இதைக் கொடு என்று கேட்கவும் கூடாது.

எடுக்கச் சொன்னது என்னை. ஒரு பொட்டலத்தில் கை வைத்தேன். சில்லென்று ஈரமாக இருந்தது. உள்ளே தவளை இருக்குமோ என்று பயந்து, காய்ந்திருந்த மற்றதை எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். ஊற்றங்கரை மண் இலையை நனைக்கும் என்பது மடித்து வைத்த பெரியவர்களுக்கே தோன்றவில்லை, எனக்கு எங்கே தோன்றும்?

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். இனிமேல் கோடையில் ஓடைவரை சரிவிறங்கிக் குடம் சுமக்க வேண்டியவள் அவள்தான். அப்பா, சாமி கொடுத்தது சரி என்று சொல்லிவிட்டு ஊற்றுப் பக்கமே போகாமல் இருந்தார். எல்லாம் என் கையால் வந்த வினை என்று மூன்று நாள் அம்மாவின் கண்ணில் படாமல் திரிந்தேன்.

நாலாம் நாள் பத்திரம் எழுதுபவர் சேந்தமங்கலத்திலிருந்து மூச்சு வாங்க மலையேறி வந்தார். சேலத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். ஊற்று என்ற இடம் வந்ததும் எழுதுவதை நிறுத்தி, பங்கு சமமில்லையே, ஓவெல்ட்டி எழுத வேண்டாமா என்று கேட்டார். யாருக்கும் புரியவில்லை என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அந்தச் சொல்லைச் செலவழிக்க வெகுகாலம் காத்திருந்திருப்பார் போலும்.

"சரிசமமா வெட்ட முடியாத சொத்துன்னா, கூட வாங்குனவரு கொறைய வாங்குனவருக்கு ஏதாச்சும் குடுத்து நெரவோணுங்க. அதுதான் ஓவெல்ட்டி."

தம்பியிடம் கை நீட்டுவதா என்று அப்பா தலையை ஆட்டி மறுத்தார். சித்தப்பாவிடம் காசும் கிடையாது. அவர் சற்று யோசித்து, அது காசாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்டார். பங்கு மாறாதவரை எதுவானாலும் சரி என்றார் வந்தவர்.

"அப்பொப் பெரிய பலாமரத்து மகசூல் அண்ணனுக்குன்னு எழுதுங்க. மரம் என்ர காட்டுலயே நிக்கட்டும். அவங்களே வந்துதான் எடுத்துக்கோணும், நான் தூக்கிட்டு வந்து குடுக்க மாட்டேனுங்க. நெனைச்சப்ப வந்து போறதுக்குத் தடமும் சேத்து எழுதிப்போடுங்க."

தூக்கி வர மாட்டேன் என்றது எனக்குப் பிடிக்கவில்லை. பழம் தருகிற மனிதர் அதை வீடுவரை தூக்கி வந்தால் குறைந்தா போவார்? அப்பா தம்பியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு பெருவிரலை மையில் தோய்த்தார்.

மறுநாள் காலையில் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"பலா பழுத்திருக்குதான்னு பாத்துட்டு வரலாம், வா கண்ணு."

பலா பிஞ்சுகூட விடாத மாதம் அது. மரம் ஊற்றை ஒட்டியே நின்றது. அம்மாவின் இடுப்பில் குடம் இருந்தது. அன்று முதல் வருஷம் முழுவதும் நாங்கள் தினமும் இரண்டு தடவை பலா பார்க்கப் போனோம். எதிரே வரும் சித்தி, பழுத்துவிட்டதா அக்கா என்று சிரிக்காமல் கேட்பாள். இன்னும் இல்லை என்று அம்மாவும் சிரிக்காமல் சொல்வாள்.

அம்மா குனிந்து குடத்தை முக்கும்போதெல்லாம், நான் மட்டும் அண்ணாந்து கிளை கிளையாகப் பழத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.