வல்லை வெளியில் மாற்றிய ஒயில்

உடுப்பிட்டியில் வாடகைக்குக் கார் ஓடும் வினிபிரட் அக்காவுக்கு அறுபத்தொரு வயது. கார் அவரைவிடப் பத்து வயது மூப்பு. தகப்பன் வாங்கிய ஒஸ்ரின் ஏ-40 அது; ஊரில் ஏ-போட்டி என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்க ஏலாதவர்களை எங்கள் ஆலயத்துக்கு ஏற்றி வருவதும், மற்ற நாட்களில் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் ஓடுவதும் அந்தக் கார்தான். அக்காவுக்கு வேறு பிழைப்பு இல்லை.

காரின் பதிவுப் புத்தகத்தில் அவருடைய பெயரோடு தம்பி நதானியேலின் பெயரும் இருக்கிறது. எண்பத்தெட்டில் லண்டன் போன தம்பி, இந்தமுறை காரை விற்கும் முடிவோடு வந்திருந்தார். கொழும்பில் பழைய கார் வாங்கும் ஒருவரைப் பிடித்து, சனிக்கிழமை பின்னேரம் வரச்சொல்லியும் விட்டார். "எஞ்சின் ஒருநாள் இறுகிப்போம். பிறகு இரும்புக்குத்தான் குடுக்கலாம்" என்பது அவருடைய கதை. அக்கா சண்டை பிடிக்கவில்லை. கையெழுத்தும் வைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை, கண்ணை வைத்தியரிடம் காட்டுவதற்காக நான் அவருடைய காரில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் புறப்பட்டேன். தம்பியும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். வீடு வாசல் இல்லாத வல்லை வெளிக்கு வந்தபோது, எஞ்சின் ஒயிலின் அமுக்கம் காட்டும் மீற்றரின் முள் கீழே கீழே இறங்கியது. அக்கா காரை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"பாத்தியே? எஞ்சின் முடிஞ்சுது. நான் சொன்னனான்" என்றார் தம்பி.

அக்கா பொனற்றைத் திறந்து, ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்து, இரண்டு விரலால் தேய்த்து மணந்தார்.

"உந்த ஒயிலை ஆர் மாத்தினது?"

"நான்தான். காலமை நீ ஆலயம் கூட்டப் போன நேரம். உன்ரை கறுத்த பாணியை எடுத்துப்போட்டு நல்ல சாமான் விட்டனான். லண்டனிலையிருந்து காவிக்கொண்டு வந்தது. உலகம் முழுக்க உதைத்தான் விடுறாங்கள்."

"உலகம் முழுக்க மண்ணெண்ணெயிலை ஓடினதோ?"

தம்பிக்கு அது விளங்கவில்லை. அந்த வருடங்களில் அவர் இங்கே இல்லை. பெற்றோல் இல்லாத யுத்த காலத்தில் குடாநாட்டுக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி, ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீராக்கிவிடும். புது ஒயிலும் இலகுவில் கிடையாது. இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அக்கா விரலாலும் மூக்காலும்தான் முடிவெடுத்தார். கர்த்தர் கிருபையால் எஞ்சின் தப்பியது. ஆனாலும் உள்ளே தேய்ந்துபோனது. தேய்ந்த இடைவெளியில் தடித்த ஒயில்தான் தங்கும். மெல்லியது, எவ்வளவு விலையென்றாலும், நழுவி ஓடிவிடும்.

அக்கா டிக்கியில் இருந்த சாக்கை விரித்து, காருக்குக் கீழே போனார். சூட்டோடு அடி நட்டைக் கழற்றினார். நான் டிக்கியில் கிடந்த பழைய தாச்சிச் சட்டியைத் தள்ளிக் கொடுத்தேன். தேன் நிறத்தில் தம்பியின் ஒயில் இறங்கியது.

"அக்கா, அது எவ்வளவு விலையெண்டு தெரியுமே?"

"தெரியும். கொண்டுபோய் உன்ரை காருக்கு விடு."

அந்த வழியால் வந்த பஸ் மெதுவாகியது. நடத்துனர் எட்டிப் பார்த்தார்.

"என்ன அக்கா, கீழை படுத்துச் செபமோ?"

"ஓம் ராசா, உனக்கும் சேத்துத்தான்."

கடைசிச் சொட்டு விழும்வரை அக்கா அவசரப்படவில்லை. பிறகு நட்டை இறுக்கி, டிக்கியில் எப்போதும் வைத்திருக்கும் இருபது-ஐம்பது என்ற தடித்த ஒயில் கானை எடுத்து, கம்பியில் அளவு பார்த்துப் பார்த்து ஊற்றினார். காரை எடுத்தபோது முள் ஏறியது. திருநெல்வேலி போய்த் திரும்பி வரும்வரை அது நாற்பதுக்குக் கீழே வரவில்லை.

பின்னேரம் அந்தக் கொழும்புக்காரர் அடைக்கலநாதன் வந்தார். நான் அப்போதும் அக்கா வீட்டு முற்றத்தில்தான் இருந்தேன். அவர் பொனற்றைத் திறந்து, எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். மீற்றரைப் பார்த்தார்.

"நல்ல எஞ்சின். நான் சொன்ன விலையிலும் கூடத் தரலாம்."

தம்பியின் முகம் மலர்ந்தது. உடனே பேனையை நீட்டினார்.

"தம்பி, முள் விழுந்தாப்போலை எஞ்சின் முடிஞ்சுது, வில் எண்டாய்" என்றார் அக்கா. "இப்ப முள் ஏறினாப்போலை நல்ல எஞ்சின், வில் எண்டுறாய். முள் எங்கை நிண்டால் விடுவாய்?"

"உனக்கு முழங்கால் வருத்தம் அக்கா. எவ்வளவு காலத்துக்கு ஓடப்போறாய்?"

"முழங்காலுக்கும் ஆள் கொண்டுவந்தனியே? நான் கையெழுத்து வைக்கமாட்டன். இண்டைக்கும் இல்லை, நீ அடுத்தமுறை வந்தாலும் இல்லை."

குரல் உயரவில்லை. தம்பி பேனையைச் சட்டைப்பைக்குள் வைத்தார். அக்கா நடக்க ஏலாத சிமியோன் மாஸ்டரை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியில் விடவேண்டும். காரில் ஏறி இருந்து திறப்பைப் போட்டு முறுக்கினார். அடைக்கலநாதன் இன்னும் எஞ்சினைப் பார்த்தபடி நின்றார்.

"பொனற்றைச் சாத்திவிடுங்கோ ஐயா" என்றார் அக்கா. "எனக்கு ஓட்டம் கிடக்கு."