முப்பது தலை பம்பு

ஃபலேசியை நினைத்தால் லுசுங்குவின் காதில் முதலில் விழுவது, ஒரு சனிக்கிழமை லின்திப்பே சந்தையில் நடந்த பேச்சுதான்.

எமெரேசி என்ற பெண் தலையில் ஒரு பேசினைச் சுமந்து வந்து ஃபலேசியின் பம்புக் கடைமுன் இறக்கினாள். பேசினுக்குள் சோலார் பம்பு. பத்து நாளுக்கு முன்னால் பம்புக் கம்பெனி வேனில் வாங்கியது.

“ஏ ஃபலேசி, இதுக்கு மிச்சத் தலையெல்லாம் எங்கடி?”

“எடுத்த எடுப்புலயேவா? நல்லா எந்திரிச்சீங்களா அக்கா?”

“நான் நல்லாத்தான் எந்திரிச்சேன். என் வெங்காயம்தான் எந்திரிக்கல.”

“என்ன ஆச்சு?”

எமெரேசி இடுப்புத்துணி முடிச்சிலிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்து விரித்தாள். “நீயே படி. பெரிய தலை முப்பதுன்னு போட்டிருக்கா இல்லையா? முப்பது பொம்பள தலையில தூக்குற தண்ணிய இது ஒண்ணே தூக்கும்னு ஊரே பேசுச்சு. எட்டுப் பாத்தி போடுறவ நான். முப்பது தலை வருதேன்னு முப்பது பாத்தி நட்டேன். மேட்டுக்கு ஒரு சொட்டு ஏறல. நாத்தெல்லாம் கழுத்தத் தொங்கப் போட்டுருச்சு.”

பக்கத்தில் உருளைக்கிழங்கு பொரித்துக்கொண்டிருந்தவன் சிரித்தான். “முப்பது தலைக்கும் சோறு போட்டியா? பட்டினி போட்டா எப்படி ஏறும்?”

“உன் சட்டியப் பாருடா, கருகுது,” என்றாள் ஃபலேசி. அவள் சிரிக்கவில்லை. தாளை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள். “இத எழுதினவங்க தலையில ஒரு வாளிகூட வச்சிருக்க மாட்டாங்க,” என்றாள்.

இரண்டடி பின்னால் நின்ற லுசுங்குவுக்கு முகம் சுட்டது. எழுதியவள் அவள்தான்; பம்புக் கம்பெனியில் தாள் எழுதுவதுதான் அவள் வேலை. ஆங்கிலத்தில் பம்புக்காரர்கள், தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்பதற்குத் ‘தலை’ என்ற சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்; தலை முப்பது என்றால் முப்பது மீட்டர் உயரம். லிலோங்வே நகர அலுவலகத்தில் உட்கார்ந்து அவள் அதை ஊர்மொழியான சிச்சேவாவில் தலை என்றே எழுதிவிட்டாள். இரண்டு மொழியிலும் முதல் மதிப்பெண் வாங்கியவள். அந்தத் தாளில் இன்னும் இருநூறு பிரதிகள் அவள் முதுகுப் பையில் இருந்தன. ஃபலேசியின் கடையில் கொடுத்துவிட்டு, கடையைப் படம் எடுத்துப் போகத்தான் வந்திருந்தாள். பையை முதுகோடு இறுக்கிக்கொண்டாள்.

“கிணத்துக் கயிறு எத்தனை பாகம் நீளம்?” என்று கேட்டாள் ஃபலேசி.

“ஆறு.”

“கிணத்துலேருந்து மேட்டுக்கு வாளியோட ஏறுறப்ப எத்தனை எடத்துல மூச்சு வாங்குவீங்க?”

“மூணு. பாறைகிட்ட ஒண்ணு, மாமரத்தடியில ஒண்ணு, அப்புறம் என் நாத்தனார் வேலிகிட்ட. அங்க மூச்சு வாங்குறதவிட வம்பு பேசுறதுதான் ஜாஸ்தி.”

ஃபலேசி பம்பைப் பேசினிலிருந்து எடுத்துக் குழந்தையைப் போல் மடியில் வைத்துக்கொண்டாள்.

“அக்கா, இதையும் ஒரு பொம்பளைன்னு வச்சுக்குங்க. சமதரையில நடக்கச் சொன்னா வாளி நெறையக் கொண்டாருவா. பாறை வரைக்கும் ஏறச் சொன்னா முக்கால் வாளி. மாமரத்தடிக்குக் கால் வாளி. இன்னும் ஏறு, இன்னும் ஏறுன்னா, ஒரு எடத்துல வந்து நிப்பா. வாளி காலியா இருக்கும். முப்பதுன்னு இவங்க எழுதியிருக்கிறது அவ காலி வாளியோட நிக்கிற எடம். உங்க மேட்டுப் பாத்தியெல்லாம் அதுக்கும் மேல இருக்கு.”

அந்தச் சொல்லைப் பற்றி லுசுங்கு கம்பெனிப் பொறியாளரிடம் மூன்று முறை கேட்டிருந்தாள். மூன்று முறையும் அவர் இடமிருந்து வலமாகச் சரியும் ஒரு கோட்டை வரைந்து காட்டினார். புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு, அந்தக் கோட்டைத் தாளின் பின்பக்கத்தில் அச்சடித்தும் விட்டாள். இப்போது அதே கோடு ஒரு பெண்ணாகி, வாளி வற்ற வற்ற மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஒரு அளவுகோலும் இல்லாமல், மூச்சு வாங்கும் இடங்களை வைத்து ஒரு குன்றை அளந்துவிட்டாளே!

ஃபலேசிக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. அதற்கு முன் பேருந்து நிறுத்தத்தில் மந்தாசிப் பணியாரம் சுட்டு விற்றவள், பிறகு பழந்துணி மூட்டை பிரித்து விற்றவள். அவள் கடையைச் சுற்றி எப்போதும் ஆள் கூடுவதைப் பார்த்துத்தான் கம்பெனி அவளைப் பம்பு விற்க எடுத்தது. நகரத்தில் மூன்று நாள் பயிற்சி. பலகை முழுக்க வோல்ட்டும் வாட்டும். இரண்டு நாள் சுவரில் சாய்ந்து தூங்கினாள் என்று அங்கே இன்றும் கேலி பேசுவார்கள். மூன்றாம் நாள் ஏதாவது கேட்க வேண்டுமா என்றபோது எழுந்து, “இது எப்போ களைச்சுப் போகும்?” என்று ஒன்றே ஒன்று கேட்டாளாம்.

அதற்குப் பதிலை அவளே தேடிக்கொண்டாள். ஒரு பம்பைத் தூக்கிக்கொண்டு கிணறு கிணறாகப் போனாள். ஒரு சட்டி நிசிமாக் களி கிண்டி இறக்குவதற்குள் எத்தனை வாளி நிறைகிறது என்று பார்த்தாள். விற்கும்போது அதையே சொன்னாள். மேகம் மூடினால் பம்புக்கு அரை வயிறு. கிணறு வற்றினால் தானே வாயை மூடிக்கொள்ளும். அவள் கடையில் வேறு பேச்சே கிடையாது. அவளிடம் வாங்கிய எவரும் பம்பைத் தலையில் வைத்துத் திரும்பி வந்ததில்லை. எமெரேசி வாங்கியது வேனில், தாளைப் பார்த்து.

“அப்ப என் வெங்காயம்?” என்றாள் எமெரேசி. குரலில் இப்போது சண்டை இல்லை. “இந்த வருஷத்துக்கு அதுதான்டி.”

“மாமரத்துக்குக் கீழ எத்தனை பாத்தி?”

“பதினொண்ணு.”

“பம்பக் கொண்டுபோய்த் திரும்பக் கிணத்துல இறக்குங்க. குழாய மாமரத்தோட நிறுத்துங்க, அதுக்கு மேல ஒரு முழம்கூட வேண்டாம். பொழுது முழுக்க ஓடட்டும், பதினொண்ணுக்கும் தண்ணி போதும். மேல இருக்கிற நாத்துல உசுரு இருக்கிறத இன்னிக்கே பிடுங்கி, கீழ நெருக்கி நடுங்க. கிழங்கு சின்னதா வரும். ஆனா வரும்.”

“மிச்சம்?”

“மிச்சம் போச்சு அக்கா. பொய் சொல்ல மாட்டேன்.”

எமெரேசி பம்பை வாங்கிப் பேசினுக்குள் வைத்தாள். பிறகு துணியைச் சுருட்டித் தலையில் வைத்துப் பேசினை ஏற்றிக்கொண்டாள். “எங்க ஊருல இன்னும் எட்டுப் பேரு இந்தத் தாளப் பாத்துட்டு மேட்டுல பாத்தி கட்டுறாங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமைக் கோயில் முடிஞ்சதும் வந்து சொல்லுடி. நான் சொன்னா, தனக்கு வாய்க்கலைன்னு வயித்தெரிச்சல்ல பேசுறாம்பாளுக.” கழுத்து ஆடாமல் நடந்து போனாள்.

கூட்டம் கலைந்த பிறகு லுசுங்கு பையைத் திறந்து தாள்கட்டை வெளியே எடுத்தாள். “அக்கா, இத எழுதினது நான்தான்,” என்றாள்.

ஃபலேசி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டு விழும் என்று லுசுங்கு காத்திருந்தாள்.

“நாளைக்கு என்கூட வர்றியா?” என்றாள் ஃபலேசி. “நான் போய்ச் சொன்னா கடைக்காரி பேச்சுன்னு விட்டுருவாங்க. தாள எழுதினவளே சொன்னா நம்புவாங்க. இங்கிலீசு ஒரு சொல்கூட வேண்டாம். தலைன்னு எழுதினது நான்தான், அது தப்புன்னு சொல்லு. சொல்லிட்டு ஓடிறாத. அவங்க சிரிச்சு முடிக்கிற வரைக்கும் அங்கேயே நில்லு.”