ரோஜா ஒட்டிய பக்கம்

போடி கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த சுயம்புலிங்கத்தின் மனைவி சண்முகத்தாய்க்குப் படம் ஒட்டுகிற பைத்தியம். மில் துணியில் ஒட்டி வருகிற வண்ணச் சீட்டு, தீப்பெட்டிப் படம், சோப்பு உறை, பழைய காலண்டர், எது கிடைத்தாலும் விடமாட்டாள். கடையில் கழித்துப்போட்ட சாம்பிள் புத்தகத்தின் துணித் துண்டுகளைக் கிழித்துவிட்டு, அந்தக் கனத்த தாள்களில் ஒட்டுவாள். "அடுப்புல பருப்பு பொங்கி ஊத்துது, இவ மயில் படத்துக்கு எடம் தேடுறா!" என்று சுயம்புலிங்கம் கத்துவார்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் கைக்கு அது வந்தது. எடுத்த எடுப்பில் பசை தடவமாட்டாள். படங்களைத் தாளில் பரப்பி, எட்ட நின்று பார்த்து, நகர்த்தி, மறுநாள் மறுபடி நகர்த்துவாள். பெரிய படத்தை நட்டநடுவில் வைத்தால் பக்கம் செத்துப்போகும் என்பாள். அதை ஓரந்தள்ளி, எதிரே சின்னதாக ஒன்று வைப்பாள். கண் தங்கக் கொஞ்சம் வெற்றிடம் விடுவாள். முகமுள்ள படம் புத்தகத்தின் உள்பக்கம்தான் பார்க்க வேண்டும். வெளியே பார்த்தால் வீட்டைவிட்டுக் கிளம்புகிற மாதிரி இருக்குமாம்.

ஒரே மகன் ராஜமணி அப்படித்தான் கிளம்பிப் போனான். கடையில் அப்பாவோடு ஒத்துவராமல், சொல்லாமல் கொள்ளாமல் மதுரைக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். சிங்கப்பூரிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினான், தொப்பியும் உடுப்புமாக. பிறந்ததிலிருந்து அவனை எடுத்த ஒரே போட்டோ அதுதான்.

அந்தப் பக்கத்துக்கு அவள் பட்ட பாடு இருக்கிறதே! அவன் முகம் வலப்புறம் திரும்பியிருந்ததால் இடப்பக்கத் தாளில் வைத்தாள், வீட்டைப் பார்த்தபடி இருக்கட்டும் என்று. பக்கத்து வீட்டு ஜெபமணி கொடுத்த கிறிஸ்துமஸ் அட்டைகளிலிருந்து ரோஜாக்களை இதழ் சிதையாமல் நறுக்கினாள். தோளின் இரண்டு பக்கமும் இறங்கி நெஞ்சுக்குக் கீழே கூடுகிறாற்போல ஒட்டினாள். சில பூக்கள் கன்னத்தின் மேலேயே ஏறி நின்றன. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை, ஒட்டினால் ஒட்டினதுதான்.

"ராசா கணக்கா இருக்கான்க்கா" என்றாள் ஜெபமணி. சண்முகத்தாய்க்கு வாயெல்லாம் பல்.

அடுத்த மாசம் யுத்தத்தில் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. கடிதம் நின்றது. ஆளைக் காணவில்லை என்று மட்டும் சர்க்காரிலிருந்து தகவல் வந்தது. விசாரிக்க வந்த சுயம்புலிங்கத்தின் அக்கா முருகம்மாள், பொழுது போகாமல் புத்தகத்தைப் புரட்டியவள், நெஞ்சில் கை வைத்தாள்.

"அடிப்பாவி! உசுரோட இருக்குற புள்ளைக்கு மாலையா போட்டு வச்சிருக்க?"

சண்முகத்தாய் எட்டிப் பார்த்தாள். மாலையேதான். கூடத்தில் மாமனார் படத்துக்கு வெள்ளி தோறும் மாலை மாற்றுகிறவள் அவள்தானே, எப்படித் தெரியாமல் போயிற்று? ஒட்டும்போது நிறத்தைப் பார்த்தாள், நெளிவைப் பார்த்தாள், அழகைப் பார்த்தாள். பாழாய்ப்போன கண்ணுக்கு மாலை மட்டும் தெரியவில்லை.

"பூவுன்னுதான் மதினி ஒட்டுனேன்…"

"ஒட்டுன கையாலயே எடு. எடுத்தாத்தான் அவன் வருவான்."

ஈரத்துணியை வைத்து ஊறவிட்டு முதல் பூவை உரித்தாள். பூவோடு போட்டோவின் மேல்தோலும் வந்தது. கன்னம் போயிற்று. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு பூ மிச்சமிருந்தாலும் அது மாலைதானே? பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிப் பூவரைக்கும் உரித்தாள். ஊறிய போட்டோவில் ஒவ்வொரு பூவும் பக்கத்திலிருந்ததையும் இழுத்துக்கொண்டு வந்தது.

அன்றிலிருந்து புத்தகத்தைத் தொடவில்லை. ஏன் என்று சுயம்புலிங்கமும் கேட்கவில்லை. பருப்பு பொங்காமல் இருந்தால் அவருக்குச் சரி.

யுத்தம் முடிந்தது. ஜப்பான்காரனின் கைதி முகாமிலிருந்து காமயகவுண்டன்பட்டிக் கருத்தக்கண்ணன் உயிரோடு திரும்பியிருக்கிறான் என்று கேள்விப்பட்டு, சுயம்புலிங்கமே போய் அவனைக் கையோடு கூட்டிவந்தார்.

"ராஜமணிங்கிற பேரு தெரியலைங்க" என்றான் அவன்.

"ஒசரமா இருப்பான், மாநெறம்."

"அங்கன எல்லாருமே எலும்புந்தோலுமாத்தான் இருந்தாக. ஆனா மொகம் ஒண்ணையும் மறக்கலைங்க. போட்டோ இருந்தாக் காட்டுங்க. இருக்காகளா போயிட்டாகளான்னு சொல்லிருவேன்."

"சம்முகம், அந்தப் பொஸ்தகத்தக் கொண்டாடி!"

அந்தக் குரலில் இருந்த ஆசைக்கு முன்னால் அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. கொண்டுவந்து, பக்கத்தை விரித்து வைத்தாள்.

தொப்பி இருந்தது. காலரும் ஒரு பித்தானும் இருந்தன. நடுவில் வெறும் வெள்ளைத் தாள். கருத்தக்கண்ணன் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"வேற போட்டோ இல்லையாம்மா?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். சுயம்புலிங்கம் புத்தகத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மொகம் எங்கடி?"

"அவன் வரணும்னுதாங்க உரிச்சேன்" என்றாள்.

கருத்தக்கண்ணன் தனக்கு வைத்த காப்பியைக் குடிக்காமல், சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனான்.